இரண்டு சினைப்பையிலும் கட்டி, மூலம் இரைப்பையில்: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழில் வயிறு என்று சொன்னால் எந்த இடம் என்று தெரியாது. நெஞ்செலும்புக்குக் கீழே எரிந்தாலும் வயிறுதான், தொப்புளைச் சுற்றிப் பிடித்தாலும் வயிறுதான், மாதவிடாய்க்கு இழுத்துப் பிடிப்பதும் வயிற்று வலிதான். இரைப்பை என்று தனிச்சொல் இருக்கிறது, ஆனால் நோயாளி யாரும் "எனக்கு இரைப்பையில் வலி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கீழே எழுதியிருக்கும் நிகழ்வில் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளியை நேரில் பார்ப்பது அரிது. அவர் உடம்பிலிருந்து எடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்புவதைத்தான் பார்க்கிறேன். இது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. இந்த நோய் எங்கள் மேசைக்கு வழக்கமாக எப்படி வந்து சேர்கிறதோ, அதை ஒரு பெண்ணின் வழியாகக் கோத்துச் சொல்கிறேன். மருத்துவ மாணவர்களுக்கும், வீட்டில் யாருக்காவது ஸ்கேனில் சினைப்பைக் கட்டி என்று வந்திருப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வந்த விதம்

வயது 42. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். இரண்டு பெண் பிள்ளைகள். மகளிர் மருத்துவரிடம் அவர் சொன்னவை: மூன்று மாதமாக அடிவயிறு கனக்கிறது, மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, "பாவாடை நாடா இறுக்குது டாக்டரம்மா, ஆனா ஜாக்கெட் மட்டும் தொளதொளன்னு ஆயிடுச்சு." ஊருக்கே அளவெடுத்துத் தைப்பவர், தன் உடம்பின் அளவு மாறுவதையும் சரியாகவே பிடித்திருக்கிறார். வயிறு பெருக்கிறது, தோளும் கையும் இளைக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த மருத்துவரும் நிமிர்ந்தார். அன்றே ஸ்கேன் எழுதினார்.

அந்த அறையில் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. எட்டு மாதமாக அவருக்கு மேல்வயிற்றில் எரிச்சல். நான்கு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். கேஸ் ட்ரபுள் என்று தெரு முனை மெடிக்கலில் சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் போடும் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இடையில் ஒரு பொது மருத்துவரும் அல்சர் என்று சொல்லி அதே மாத்திரையை நீட்டித்தார். மகளிர் மருத்துவரிடம் இதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அது "வேற டாக்டர் பார்க்கிற வியாதி". மருத்துவரும் கேட்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1. இரும்புச்சத்துக் குறைவு. காரணம் எழுதும் இடத்தில் "மாதவிடாய்" என்று இருந்தது. இங்கேதான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. மாதவிடாய் தள்ளிப் போகிறவருக்கு மாதவிடாயால் எப்படி ரத்தம் குறையும்? எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று அந்த எண்ணே சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் திடமான கட்டிகள். வலது 11 செ.மீ., இடது 7 செ.மீ. வயிற்றில் ஓரளவு நீர். ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறிப்பான் சிஏ-125, அளவு 180. வழக்கமாக 35 வரை இயல்பு என்று கொள்வார்கள். ஆபத்துக் குறியீடு என்று ஒரு கணக்கு உண்டு: ஸ்கேன் மதிப்பெண், மாதவிடாய் நின்றுவிட்டதா இல்லையா என்பதற்கான மதிப்பெண், சிஏ-125 மூன்றையும் பெருக்குவது. இவருக்கு 3 × 1 × 180, அதாவது 540. இருநூறைத் தாண்டினாலே புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். கணக்கு சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இது கெட்ட கட்டியா? எங்கிருந்து வந்த கட்டி என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. சிஏ-125 என்பது சினைப்பையின் முத்திரை அல்ல. வயிற்று உறையை எது உறுத்தினாலும் அது ஏறும்.

சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். அறிக்கையின் முக்கால் பங்கு சினைப்பைகளைப் பற்றியே. இரைப்பைக்கு ஒரு வரி: "சுருங்கிய நிலையில் உள்ளது." தண்ணீர் குடிக்க வைத்து விரித்துப் பார்க்காத இரைப்பையில், சுவர் தடித்திருக்கிறதா, சும்மா மடிந்து கிடக்கிறதா என்று சொல்வது கடினம். அதனால் அந்த வரியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பார்க்க முடியவில்லை என்பதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

தியேட்டரிலிருந்து வந்த இரண்டு கட்டிகள்

சினைப்பைப் புற்றுநோய் என்ற முடிவோடு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வயிற்றைத் திறந்ததும் கட்டிகளை எடுத்து, உடனே உறைய வைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் பரிசோதனைக்கு எங்களிடம் அனுப்பினார்கள். கூட வந்த படிவத்தில் "சினைப்பைக் கட்டி, இருபுறம்" என்று மட்டும் இருந்தது. வயதுகூட ஓரத்தில் கிறுக்கியிருந்தது.

கையில் எடுத்தபோதே ஒரு சந்தேகம். இரண்டும் சினைப்பையின் வடிவத்தை இழக்காமல், அவரை விதையைப் பெரிதாக்கியது போல, மேடு மேடாக இருந்தன. மேல்தோல் வழவழப்பு, ஒரு கிழிசல் இல்லை, மேலே படிந்த துகள் இல்லை. சினைப்பையிலேயே தோன்றும் கொடிய கட்டி, அதிலும் இருபுறமும் வருவது, பெரும்பாலும் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே படர்ந்து நிற்கும். இதுவோ உள்ளே இருந்து வீங்கியிருந்தது. வெட்டினால் வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாகக் கெட்டியான சதை, நடுநடுவே நுங்கு போல வழுக்கும் இடங்கள்.

நுண்ணோக்கியில் முதல் துண்டு ஏமாற்றியது. ஓரத்தில் எடுத்ததால் கதிர் வடிவச் செல்கள் நெருக்கமாகச் சுழன்று, தீமையில்லாத நார்க்கட்டி போலவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நார்க்கட்டி என்று தியேட்டருக்குச் சொல்லியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். நுங்கு போன்ற இடத்திலிருந்து இரண்டாவது துண்டு வெட்டச் சொன்னேன். அதில் நீர் ஊறிய தளர்ந்த சதைக்குள் தனித்தனியாக, சின்னச் சின்ன வெற்றிடம் கொண்ட செல்கள். உறைய வைக்கும்போது பனிப் படிகங்களாலும் அப்படி ஓட்டைகள் விழும், அதனால் உடனே நம்பவும் முடியாது. வெட்டிய முகத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்துச் சாயம் ஏற்றினோம். ஒற்றியதில் சந்தேகத்துக்கு இடமில்லை: செல்லுக்குள் சளி நிரம்பி, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது.

தியேட்டருக்குப் போன் செய்தேன். "மேடம், இது சினைப்பையில் பிறந்தது மாதிரி தெரியலை. வேற இடத்திலிருந்து வந்திருக்கு. இரைப்பையைக் கையால ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அப்பெண்டிக்ஸ், பெருங்குடல் எல்லாத்தையும் பார்த்துடுங்க."

சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் குரல்: "கீழ்ப்பாதி கெட்டியா இருக்கு. தோல் பை மாதிரி. மடியவே மாட்டேங்குது."

அந்த ஒரு வரியால் அன்றைய அறுவையின் போக்கு மாறியது. சினைப்பையிலேயே தோன்றிய புற்றுநோய் என்றால் கர்ப்பப்பை, வயிற்றுக் கொழுப்புத் திரை, கண்ணுக்குத் தெரியும் கட்டி எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்வார்கள். அந்த நோயில் எவ்வளவு முழுமையாக எடுக்கிறோமோ அவ்வளவு ஆயுள் கூடும். இரைப்பையிலிருந்து பரவியதற்கு அந்தப் பெரிய அறுவையால் கிடைப்பது குறைவு. உடம்பு தேறவே வாரக்கணக்காகும். அதற்குள் மருந்து தொடங்க வேண்டிய நேரம் போய்விடும். மருந்தும் வேறு. சினைப்பைக்கு கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும். இரைப்பைக்குப் பெரும்பாலும் கேபெசிட்டபின் போன்ற ஒன்றுடன் ஆக்சாலிபிளாட்டின். இவருக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்ததோடு நிறுத்தி, வயிற்று நீரையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு மூடினார்கள். எந்த இடத்தில் கத்தியைக் கீழே வைக்க வேண்டும் என்று தெரிந்து செய்த நல்ல முடிவு அது.

அடுத்த ஒரு வாரம்

மெழுகில் பதித்து வெட்டும் பாரஃபின் துண்டுகள் தயாரானபோது படம் தெளிவாக வந்தது. செல்லின் வயிறு முழுக்கச் சளி, உட்கரு பிறை போல ஓரத்தில் ஒட்டி இருக்கும். முத்திரை மோதிரத்தின் வட்டமும் அதன் பட்டையும் போல இருப்பதால் முத்திரை மோதிரச் செல் என்று பெயர். சளிக்கான பிஏஎஸ் சாயத்தில், கிளைக்கோஜனை நீக்கிய பிறகும், அவை அடர் சிவப்பாக நின்றன. உள்ளே இருப்பது சளிதான் என்று அதில் உறுதியாகும். சுற்றியிருக்கும் சினைப்பைச் சதை, விருந்தாளிக்கு இடம் கொடுத்துத் தானும் பெருத்தது போல, செல் அடர்ந்து வளர்ந்திருந்தது. முதல் துண்டில் நார்க்கட்டி போல ஏமாற்றியது இதுதான்.

அடுத்து ஐஎச்சி எனப்படும் புரதச் சாயப் பரிசோதனைகள். ஒரு செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதற்கு அது சுமந்து வரும் புரதங்கள் ஓரளவு சாட்சி. ஓரளவு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சினைப்பை, கருக்குழாய் வழியில் வரும் கட்டிகளில் பெரும்பாலும் பாக்ஸ்8 தெரியும், இதில் இல்லை. டபிள்யூடி1 இல்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. மார்பகத்தைக் காட்டும் கேட்டா3 இல்லை. இதை விடாமல் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் மார்பகத்தின் லோபுலர் வகைப் புற்றுநோயும் இதே போலத் தனித்தனிச் செல்லாகச் சினைப்பைக்கு வந்து சேரும். பெருங்குடலுக்குரிய சாட்பி2 இல்லை. சிகே7 பரவலாகவும், சிகே20-உம் சிடிஎக்ஸ்2-உம் அங்கங்கே திட்டுத் திட்டாகவும் தெரிந்தன. இந்தக் கூட்டணி இரைப்பைக்குப் பொருந்தும். ஆனால் பித்தப்பைக்கும் கணையத்துக்கும்கூடப் பொருந்தும். இரைப்பைக்கு மட்டுமே உரியது என்று சொல்லக்கூடிய ஒரு சாயம் எங்கள் அலமாரியில் கிடையாது. அதனால்தான் அறிக்கையில் "இரைப்பையிலிருந்து" என்று முடிக்காமல், "மேல் செரிமானப் பாதை, குறிப்பாக இரைப்பை, எண்டோஸ்கோபி அவசியம்" என்று எழுதினேன்.

எண்டோஸ்கோபி செய்தார்கள். புண் இல்லை, மேல் சவ்வு ஓரளவு சிவந்திருந்தது, காற்று ஊதினாலும் இரைப்பை சரியாக விரியவில்லை. எடுத்த பயாப்ஸியில் வெறும் அழற்சி.

குடும்பத்துக்கு இது நிம்மதியாக இருந்தது. எனக்கு இல்லை. இந்த வகைப் புற்றுநோய் சவ்வுக்கு அடியில் ஊர்ந்து சுவரைத் தோலாக்கும்; மேல் சவ்வை மட்டும் கிள்ளினால் பிடிபடாது. விரியாத இரைப்பையில் எடுத்த நல்ல பயாப்ஸியை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடல் மருத்துவரிடம் பேசினேன். அவர் மறுபடி செய்து, கிள்ளிய இடத்திலேயே மறுபடி மறுபடி கிள்ளி ஆழத்துக்குப் போய், எட்டுத் துண்டுகள் அனுப்பினார். மூன்றில் அதே முத்திரை மோதிரச் செல்கள். ஹெர்2 என்ற புரதம் இல்லை. டிஎன்ஏ பிழைதிருத்தும் புரதங்கள் நான்கும் இருந்தன. ஆக, ஹெர்2 இருந்தாலோ, அந்த நான்கில் ஏதாவது இல்லாமல் போனாலோ கொடுக்கும் மருந்துகளுக்கு இடமில்லை.

மீதமிருந்த பழைய ரத்த மாதிரியில், இரைப்பை, குடல் புற்றுநோய்களில் ஏறக்கூடிய சிஇஏ என்ற குறிப்பானைப் பார்க்கச் சொன்னோம். 14 வந்தது. சிஏ-125-ஐ சிஇஏ-ஆல் வகுத்தால் 25-க்கு மேல் வர வேண்டும். அப்போதுதான் சினைப்பை மூலம் என்பதை நம்பலாம், குறைந்தால் இரைப்பையையும் குடலையும் பார்த்துவிட்டே அறுவைக்குப் போக வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. இவருக்கு 13-கூட வரவில்லை. சில நூறு ரூபாய்ச் சோதனை, அறுவைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டியது.

பெயர் வந்த கதை

சளி சுரக்கும் முத்திரை மோதிரச் செல்களோடு சினைப்பையில் வரும் இந்தக் கட்டிக்கு க்ருக்கன்பெர்க் கட்டி என்று பெயர். 1896-இல் ஜெர்மனியின் மார்பூர்க்கில், பெலிக்ஸ் மார்ச்சாண்டின் ஆய்வகத்தில் இருந்தபோது, இளைஞரான பிரீட்ரிக் க்ருக்கன்பெர்க் இதை விவரித்தார். சினைப்பையிலேயே தோன்றும் ஒரு புதிய சார்கோமா, அதாவது இணைப்புத் திசுப் புற்றுநோய், என்றே அவர் நினைத்தார். ஆறு ஆண்டு கழித்து, 1902-இல், ஷ்லாகன்ஹாஃபர் என்பவர்தான் இது வேறு உறுப்பிலிருந்து பரவி வருவது என்று காட்டினார். பின்னாளில் க்ருக்கன்பெர்க் கண் மருத்துவராகிவிட்டார். கருவிழியின் பின்புறம் நிறமி படிவதற்கும் அவர் பெயரே இருக்கிறது. பெயர் கொடுத்தவரே மூலத்தைத் தவறவிட்ட நோய் இது என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்கிறேன். அவரிடம் ஐஎச்சி இல்லை, எண்டோஸ்கோபி இல்லை. நம்மிடம் இருக்கிறது.

இரைப்பையில் இருப்பது சினைப்பைக்கு எப்படிப் போகிறது? வயிற்றுக்குள் உதிர்ந்து விழுந்து ஒட்டுகிறது என்று பல காலம் சொன்னார்கள். அப்படியென்றால் சினைப்பையின் மேல்தோலில் துகள் படிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது சுத்தமாகவே இருக்கிறது, இவருக்கும் அப்படித்தான். மூலக்கட்டி சவ்வு மட்டத்தில் சிறிதாக இருக்கும்போதே சினைப்பைக்கு வந்துவிடுவதும் உண்டு. அதனால் நிணநீர்ப் பாதையில் எதிர்த்திசையாக இறங்குகிறது என்பதே இன்று வலுவான விளக்கம். மாதவிடாய் நிற்காத வயதில், ரத்த ஓட்டம் நிறைந்த சினைப்பையில் இது அதிகம் வருகிறது என்பதும் சேர்த்து யோசிக்க வேண்டியது. இந்தக் கட்டியோடு வருபவர்களின் சராசரி வயது 45-ஐ ஒட்டியே இருக்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு இருபுறமும்.

அளவை வைத்து முடிவு செய்வது

சினைப்பையில் சளி சுரக்கும் கட்டி என்றால், இருபுறமும் இருந்தாலோ 10 செ.மீ.-க்குக் குறைந்தாலோ பரவியது, ஒருபுறம் மட்டும் பெரிதாக இருந்தால் அங்கேயே பிறந்தது என்று ஒரு விதி உண்டு. பிறகு வந்த ஆய்வில் எல்லையை 13 செ.மீ. ஆக்கினால் இன்னும் நன்றாகப் பிரிகிறது என்றார்கள். நல்ல விதிதான், பெரும்பாலும் கைவிடாது. ஆனால் பெருங்குடல் அதை மதிப்பதில்லை. பெருங்குடலிலிருந்து வரும் கட்டி ஒருபுறம் மட்டும், 15, 18 செ.மீ. என்று நீர்க்கட்டி போலவே வளர்ந்து நிற்கும். நுண்ணோக்கியிலும் சினைப்பைக் கட்டி போலவே சுரப்பிகள் அமைக்கும். அங்கே சுரப்பிக்குள் அழுக்காகக் கிடக்கும் சிதைந்த செல்களும், சிகே7 இல்லாமல் சிகே20-உம் சாட்பி2-உம் இருப்பதுமே கைகொடுக்கும். வலது சினைப்பையில் சளிக்கட்டி, வயிறு முழுக்கக் கூழ் என்றால் அப்பெண்டிக்ஸை எடுத்துப் பார்க்காமல் வயிற்றை மூடக் கூடாது.

உலக அளவில் க்ருக்கன்பெர்க் கட்டிகளின் மூலம் பெரும்பாலும் இரைப்பைதான். இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம் மிசோரத்தில். தெற்கே, சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய எண்பதுகளிலிருந்தே இங்கே இது குறைவான நோய் அல்ல. ஆகவே இருபுறமும் திடமான சினைப்பைக் கட்டியோடு ஒரு பெண் வந்தால், "சாப்பாடு இறங்குகிறதா, எத்தனை மாதமாக அல்சர் மாத்திரை?" என்று கேட்பதும், சிஇஏ பார்ப்பதும், சந்தேகம் என்றால் அறுவைக்கு முன்பே எண்டோஸ்கோபி செய்வதும் நம் ஊரில் வழக்கமாகவே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயாப்ஸி படிவத்தில் அந்தப் பதில்களை இரண்டு வரி எழுதினால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

அதற்குப் பின்

நோய் நான்காம் கட்டம். குடும்பத்தை உட்கார வைத்து, குணப்படுத்துவதற்கான மருந்து இல்லை, நோயைப் பிடித்து நிறுத்தி நல்லபடியாக வாழ வைப்பதற்கான மருந்து என்று புற்றுநோய் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். முதல் நான்கு சுற்றில் வயிற்று நீர் வற்றியது, சாப்பாடு இறங்கியது, எடை இரண்டு கிலோ ஏறியது. மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். எட்டாம் மாதத்தில் நோய் திரும்பியது. அறுவைக்குப் பிறகு 13 மாதம் இருந்தார்.

அவர் இருக்கும்போதே செய்த இன்னொரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். 50 வயதுக்குள், செல்கள் தனித்தனியாகச் சுவருக்குள் ஊடுருவும் இந்தப் பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய் வந்தால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், சிடிஎச்1 மரபணுவைப் பார்க்கச் சொல்கின்றன 2020-இன் வழிகாட்டுதல்கள். செல்லோடு செல் ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்துக்கான மரபணு அது. 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில்தான் அதன் பழுதுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதலில் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக இளம் வயதில் இறந்துகொண்டிருந்த குடும்பங்கள். அந்தப் பழுது இருந்தால் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு; நோய் வருமுன்பே இரைப்பையை எடுப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். இவருக்குப் பழுது இல்லை என்று முடிவு வந்தது.

அந்த அறிக்கையின் நகலை வாங்க மூத்த மகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கல்லூரி இரண்டாம் ஆண்டு. முடிவு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், அம்மா வயிறு எரியுதுன்னு சொன்னப்பவே பார்த்திருந்தா பிழைச்சிருப்பாங்களா?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். எரிச்சல் தொடங்கியபோது நோய் எங்கே இருந்தது என்று யாராலும் இப்போது காட்ட முடியாது. இந்த வகை, இரைப்பையில் சிறிதாக இருக்கும்போதே சினைப்பைக்குப் போவதும் உண்டு. முன்பே பார்த்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும். பிழைத்திருப்பார் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அப்படியே சொன்னேன்.

அவர் தலையாட்டினார். பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பாதி காலி. "சித்தி ரெண்டு மாசமா இதைத்தான் போடுறாங்க, மேடம். எண்டோஸ்கோபி எங்கே பார்க்கலாம்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.